மூத்தவ தலை

கதவைச் சாத்திடு கண்ணு. தாழ்ப்பாள் வேண்டாம், சும்மா சாத்து. கயல் எழுந்து வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். சாயங்காலம் ரிசப்ஷன்ல கண்ணுக்குக் கீழ கருவளையம் தெரியக்கூடாது, நல்லாத் தூங்குன்னு நீதானே அவளைப் படுக்க வெச்சே? தூங்கட்டும். அதுவரைக்கும் நீ சும்மாதானே உக்காந்திருக்கப் போறே. என் தலையைக் கொஞ்சம் பாரு.

நான் பொண்ணுக்கு அத்தை. கயலோட அப்பா குஞ்சிதபாதம் என் தம்பி. என் பேரு சிவகாமி. ஆன்ட்டின்னு கூப்பிடாதே, எனக்குப் பிடிக்காது. அக்கான்னு கூப்பிடு. அப்படி ஒண்ணும் வயசாகிடலை, ஐம்பத்தஞ்சுதான். உன் பேரு என்னன்னு சொன்னே? நிலோஃபரா? நல்ல பேரு.

விஷயம் இதுதான் நிலோஃபர். நாளைக் காலையில முகூர்த்தத்துக்குள்ள என் தலை வெள்ளையாகணும். முடியுமா?

சிரிக்காதே. வெள்ளையாத்தான். எல்லாரும் உன்கிட்ட கறுப்பாக்கச் சொல்லித்தான் வருவாங்க, தெரியும். நானும் இருபத்திரண்டு வருஷமாக் கறுப்பாக்கிட்டுத்தான் இருக்கேன். மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை, தவறினதே இல்லை. இன்னிக்கு அடிக்கறதுக்குக்கூட பெட்டியில ரெண்டு பாக்கெட் எடுத்துட்டு வந்திருக்கேன். ஆனா இப்ப எனக்கு நரை வேணும். நல்லா, பளிச்சுன்னு, மண்டபத்துல கடைசி நாற்காலியில உக்காந்திருக்கறவனுக்கும் தெரியற மாதிரி நரை.

ப்ளீச் பண்ணினா வெள்ளை வராதா? செம்பட்டையாப் போகுமா? தேங்காய் நார் மாதிரியா? ஐயோ, அது வேண்டாம். பவுடர் எதுவும் தூவ முடியாதா? வேர்த்தா வழிஞ்சிடுமா. அதுவும் சரிதான், ஹோமப் புகைக்கு முன்னாடி நின்னா மூக்கு மேல ஒழுகும்.

இப்படியே விட்டுடறதா? வேர்ல அரை விரக்கடை வெள்ளை தெரியுதுன்னு சொல்றே. வகிட்டுல மட்டும் வெள்ளை தெரிஞ்சா அதுக்குப் பேரு நரை இல்லை கண்ணு, சோம்பேறித்தனம்.

சரி, பின்னலையாவது அவிழ்த்துச் சீவி விடு. சீவிக்கிட்டே கேளு. நீயே நியாயம் சொல்லு.

இன்னிக்குக் காலையில மண்டபத்து வாசல்ல பந்தக்கால் ஊன்றினாங்க, பாத்தியா? நீ அப்பறம்தான் வந்தே. ரெண்டு வீட்டுக்காரங்களும் நின்னோம். கால்ல மாவிலை கட்டியாச்சு. மஞ்சள், குங்குமம் வெக்கணும். மூத்த பொம்பளைதான் முதல்ல வெப்பா, அப்பறம்தான் மத்தவங்க. மாப்பிள்ளையோட அம்மா மங்கையர்க்கரசி இருக்காங்களே, அவங்க மஞ்சள் கிண்ணத்தைக் கையில வெச்சுக்கிட்டு, "பொண்ணுக்குப் பெரிய அத்தை வாங்க"ன்னாங்க. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு ஒரு அடி எடுத்து வெச்சுட்டேன். கேளு, அடி எடுத்து வெச்சுட்டேன். அந்தம்மா என்னைத் தாண்டிப் போய், என் தங்கச்சி அகிலாகிட்ட கிண்ணத்தை நீட்டறாங்க!

ஏன்? அவ தலை பஞ்சு மூட்டை மாதிரி இருக்கு. என் தலை இப்படி இருக்கு. அவ்வளவுதான்.

அதுகூடப் போகட்டும், அந்தம்மா வெளியாள். அகிலா என்ன செஞ்சிருக்கணும்? "அக்கா இருக்காங்க, அவங்கதான் மூத்தவங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா இல்லையா? என்னைப் பாத்தா. நல்லாக் கண்ணுக்கு நேராப் பாத்தா. பாத்துட்டு, "சிவகாமி, நீ அப்பறம் வா"ன்னு சொல்லிட்டுப் போய் மஞ்சளைத் தொட்டு வெச்சுட்டா.

சிவகாமியாம்! பேர் சொல்லிக் கூப்பிட்டா கண்ணு, ரெண்டு வீட்டு ஜனங்க முன்னாடி! மேளக்காரன்கூட ஒரு நொடி நிறுத்திட்டுப் பாத்த மாதிரி எனக்கு இருந்தது.

இந்தப் பக்கம் சிக்கு இருக்கு, மெதுவா.

இந்த அகிலா போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாக்கறா. போன வருஷம் சித்திரையில டை அடிக்கறதை நிறுத்திட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அவ தலை, அவ இஷ்டம்னு நீ நினைக்கலாம். அது எப்படி? தங்கச்சி நரைச்சா அக்காவுக்கு வயசாகுமா ஆகாதா? அவளைப் பாத்துட்டு என்னைப் பாக்கறவங்க மனசுல கணக்குப் போடுவாங்களா மாட்டாங்களா? அவளுக்கு ஐம்பத்தேழு. நான் அவளுக்கு நாலு வயசு மூத்தவ.

என்ன பாக்கறே? ஐம்பத்தஞ்சுன்னு சொன்னேனா? சொல்லியிருப்பேன். சீப்பைப் பிடி.

போன்ல கெஞ்சினேன். "அகிலா, கயல் கல்யாணம் முடியற வரைக்குமாவது அடிச்சுக்கடி"ன்னேன். "அக்கா, இத்தனை வருஷமா உனக்காகத்தான் அடிச்சேன். மண்டை பூரா அரிப்பு, புண்ணு. இனிமே ஆகாது"ன்னுட்டா. எனக்காகவாம்! நான் என்ன டை கம்பெனியா நடத்தறேன்?

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் என்ன சொல்வார்? அவருக்கு முடியே இல்லை, அவர் விஷயம் எப்பவோ முடிஞ்சுது. "நீயும் நிறுத்திடேன்"னார். எப்படி நிறுத்தறது? நான் விருத்தாசலத்துல பொம்பளைங்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக் கொடுக்கறேன். பதினாறு வருஷமா. வண்டி பின்னாலயே ஓடணும், சாஞ்சா பிடிக்கணும். நரைச்ச தலையோட போய் நின்னா, "நீங்க எங்களைப் பிடிப்பீங்களா, நாங்க உங்களைப் பிடிக்கணுமா?"ன்னு கேப்பாளுங்க. கேக்கக்கூடியவளுங்கதான்.

இல்லை, வேலைக்காகன்னு மட்டும் சொன்னா அது பொய். எனக்குக் கறுப்புப் பிடிக்கும். தலைக்குக் குளிச்சுட்டு வெயில்ல நின்னு உலர்த்தறப்ப என் நிழலைப் பாத்தாக்கூட எனக்குப் பிடிக்கும். நிழல்ல நரை தெரியாதுன்னு சொல்ல வரே. தெரியாதுதான். ஆனா எனக்குத் தெரியும்ல?

சரி, பந்தக்கால் முடிஞ்சதும் நான் சும்மா விடலை. சமையல் கூடத்துப் பக்கம் அவளை இழுத்துட்டுப் போனேன். "உனக்கு என்னடி அவ்வளவு அவசரம், பெரிய மனுஷியாக?"ன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "நான் போகலைன்னா நீ நிச்சயதார்த்தத்துல சொன்னது வெளிய வந்திருக்கும்ல அக்கா?"ன்னா. அப்ப மட்டும் அக்கா! அங்க வெள்ளரிக்காய் நறுக்கிட்டிருந்த நாலு பேரும் திரும்பிப் பாக்கறாங்க.

நிச்சயதார்த்தத்துல நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலை. அந்த மங்கையர்க்கரசியம்மா எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, "இவங்க பெரியவங்க, நீங்க சின்னவங்களா?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். சிரிச்சா ஆமான்னு அர்த்தமா? நீயே சொல்லு. விருந்தாளி கேட்டா முகத்தையா திருப்பிக்க முடியும்?

ஆமான்னும் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன்.

அதை இவ பக்கத்துல நின்னு கேட்டுட்டா. உடனே என்ன செஞ்சா தெரியுமா? கேசரித் தட்டை என்கிட்ட நீட்டி, "சாப்பிடு சிவகாமி"ன்னா. அன்னிக்குப் பூரா சிவகாமி, சிவகாமி. "சிவகாமி, இந்தப் பையைப் பிடி." "சிவகாமி, வண்டி வந்துடுச்சு." பொறந்ததுலேருந்து என்னை அக்கான்னு தவிர ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எவ்வளவு ஈசியா வாயில வருது பாரு அவளுக்கு! பொய் சொன்னது நான், அதுல நடிப்பு இவளுக்கு. குஞ்சிதம் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் மறுபடி அக்கா. செருப்பைக் கழட்டறப்பவே, "அக்கா, காபி போடட்டா?"ங்கறா. நான் வேண்டாம்னுட்டேன்.

நீ சீவறதை நிறுத்திட்டே. வலிக்குதான்னு கேக்கறியா? இல்லையே. கண்ணுல முடி விழுந்துடுச்சு, அதான்.

நாளைக்கு விஷயத்தைக் கேளு. எத்தனை கல்யாணத்துக்கு மேக்கப் போட்டிருப்பே, பாத்திருப்பே. தாலி கட்டறதுக்கு முன்னாடி அதைத் தட்டுல தேங்காய் மேல வெச்சு, ஆசீர்வாதத்துக்குக் கொண்டு வருவாங்க. எல்லாரும் தொட்டுக் கும்பிடுவாங்க. முதல்ல வீட்டுக்கு மூத்தவ தொடணும். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால அந்த முதல் கை என் கைதான். குஞ்சிதம் கல்யாணத்துலயும் என்கிட்டத்தான் முதல்ல வந்தது. அகிலா கல்யாணத்துலயும் என்கிட்டத்தான். நாளைக்குத் தட்டை எடுத்துட்டு வரப்போறது யாரு? அதே மங்கையர்க்கரசியம்மா. நேரா எங்க போவாங்க? பஞ்சு மூட்டைகிட்டதான். நான் பின்னாடி வரிசையில நின்னு, பத்தோட பதினொண்ணாத் தொட்டுக் கும்பிடணும். குஞ்சிதத்தோட பொண்ணு தாலியை! அவனை வளத்தவ நானு.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லலை. அம்மா போனப்ப எனக்குப் பத்தொன்பது. அகிலா பத்தாவது படிச்சுட்டிருந்தா. குஞ்சிதத்துக்கு எட்டு வயசு. அப்பாவுக்கு ரைஸ் மில்லுல வேலை, காலையில போனா விளக்கு வெச்சுத்தான் வருவார். காலேஜ்ல முதல் வருஷம் பாதியில நின்னுட்டேன். அதுக்காக யாரையும் குத்தம் சொல்லலை, யாராவது சோறாக்கணும்ல.

ஒருநாள் குஞ்சிதம் ஒரு பையனோட பல்லை உடைச்சுட்டான்னு ஸ்கூல்லேருந்து கூப்பிட்டு விட்டாங்க. போய் நின்னேன். புது வாத்தியார், எங்க குடும்பத்தைத் தெரியாது. என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "ஏம்மா, பிள்ளையைப் பெத்தா மட்டும் போதுமா? வளக்க வேண்டாமா?"ன்னார். இருபது முடியலை எனக்கு. இவன் என் புடவையைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். நான் அவனுக்கு அக்கா சார்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. "இனிமே வளக்கறேன் சார்"னு சொல்லிட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் அழுதான், மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

இதை எதுக்கு உன்கிட்ட சொல்லிட்டிருக்கேன்? ஆங், தட்டு.

அந்த அகிலா இன்னும் ஒண்ணு சொன்னா. சமையல் கூடத்துலயேதான். நான் ஆத்திரத்துல புடவைத் தலைப்பால மூக்கைத் துடைச்சேன், அதைப் பாத்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அழாதேக்கா. நாளைக்குத் தட்டு வரப்ப நான் பாத்ரூம் பக்கம் போயிடறேன். நான் அங்க இல்லைன்னா உன்கிட்டதான் முதல்ல வரும். நீ தொட்ட பிறகு வரேன்"னா.

கேட்டியா அநியாயத்தை? தாலி கட்டற நேரத்துல அவ பாத்ரூம்ல போய் ஒளிஞ்சு நிக்கணும், நான் வெளியில மூத்தவளா நிக்கணும். அவ ஒதுங்கினாத்தான் எனக்கு இடமா? எனக்கு யாரும் ஒதுங்கித் தர வேண்டாம். கயல் கழுத்துல தாலி ஏறறதை அவ பாக்க வேண்டாமா? அவதானே கயலுக்கு முதல் முதலா எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினவ! எனக்கு அந்தப் பச்சைக் குழந்தையைக் கால்ல போட்டுக்க பயம். அப்படிப்பட்டவ பாத்ரூம்ல நிப்பாளாம். நல்ல கதை.

அதனாலதான் உன்கிட்ட வந்தேன். வெள்ளையாக்கிட்டா யாரும் எங்கயும் போய் நிக்க வேண்டாம். தலையைப் பாத்துட்டு அந்தம்மா தானா என்கிட்ட வந்துடுவாங்க.

என்ன சொன்னே?

திருப்பிச் சொல்லு.

ஆமா. இருபது வயசுல எனக்கு நரை இருந்ததான்னா கேக்கறே? எங்க இருந்தது? முழங்கால் வரைக்கும் தொங்கும், அப்படிக் கறுப்பு. பின்னிப் போட்டா பாம்பு மாதிரி இருக்கும்னு அம்மாவே திட்டுவா. அந்தத் தலையைப் பாத்துட்டுத்தானே அந்த வாத்தியார் என்னை எட்டு வயசுப் பையனுக்கு அம்மான்னு சொன்னார். ஒரு நரை இல்லை! அப்ப நான் மூத்தவ இல்லையா? சோறாக்கினப்ப, அப்பாவைத் தூக்கிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேத்தப்ப, இவளுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப, எப்பவாவது என் தலை வெள்ளையா இருந்ததா? கருகருன்னு கறுப்பு. நரைச்சுத்தானா நான் மூத்தவளானேன்?

அந்தக் கிண்ணத்தை எடு. என் பெட்டியில மேலாக வெச்சிருக்கேன், ரெண்டு பாக்கெட்டு. ரெண்டையும் கலக்கு.

அலர்ஜி இருக்கான்னு கேக்கறியா? இருபத்திரண்டு வருஷமா இதே டைதான், என் மண்டையைப் பத்திக் கவலைப்படாதே. அந்தப் பழைய துண்டைத் தோள்ல போடு. இது பட்டுப் புடவை இல்லை, பரவாயில்லை, இருந்தாலும் போடு. வகிட்டுலேருந்து ஆரம்பி. ஆங். குளுகுளுன்னு இருக்கு.

நீ கை சுத்தமா வேலை செய்யறே. எங்க கத்துக்கிட்டே? உன் அண்ணியா? நல்ல அண்ணி.

யாரு அது? சாத்தித்தான் இருக்கு, தள்ளுங்க, திறக்கும்.

வாங்க சம்பந்தியம்மா. உக்காருங்க. ஊக்கு வேணுமா? நிலோஃபர், அந்த டப்பாவுல ரெண்டு ஊக்கு இருந்தா எடுத்துக் குடு. பாத்து, கையுறையில டை இருக்கு, அவங்க புடவையில பட்டுடப் போகுது.

என்ன கேட்டீங்க? "சின்ன அத்தைக்கு இந்த வயசுலயே நரையா"வா?

இருங்க, போகாதீங்க. ஊக்கு குத்திக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமில்லையா, அதுவரைக்கும் கேளுங்க. நான் சின்ன அத்தை இல்லை. நான்தான் பெரியவ. எனக்கு அறுபத்தொண்ணு. அகிலா எனக்கு நாலு வயசு சின்னவ.

தமாஷ் இல்லை. அறுபத்தொண்ணு. ஆவணியில அறுபத்திரண்டு.

நிச்சயதார்த்தத்தன்னிக்குக் கேட்டீங்க, நான் ஆமான்னு சொன்னேன். உண்மைதான். பொய் சொன்னேன். என் தங்கச்சி சொல்லலை, அவ நான் சொன்ன பொய்க்கு முட்டுக் கொடுத்தா, அவ்வளவுதான். காலையில அவளை மஞ்சள் வெக்கச் சொன்னது உங்க தப்பும் இல்லை. தலையைப் பாத்துட்டுச் சொன்னீங்க. ஊரே அப்படித்தானே பாக்குது.

ஆமா, இந்த வயசுலயும்தான் அடிக்கறேன். எனக்குப் பிடிச்சிருக்கு. அடுத்த வருஷமும் அடிப்பேன், அதுக்கு அடுத்த வருஷமும் அடிப்பேன். கை நடுங்கினா இந்த நிலோஃபரைக் கூப்பிட்டு அடிச்சுக்குவேன். ஆனா வயசைக் கேட்டா இனிமே வயசைத்தான் சொல்வேன். நாளைக் காலையில தாலித் தட்டை எடுத்துட்டு வருவீங்கல்ல? முதல்ல என்கிட்ட வாங்க. கறுப்புத் தலையாத் தேடிக்கிட்டு வாங்க. அகிலா எனக்குப் பக்கத்துல நிப்பா, அடுத்தது அவளுக்கு.

சரிங்க. ஊக்கு சரியா இருக்கா? போயிட்டு வாங்க.

கதவைச் சாத்து கண்ணு.

அந்தம்மா முகத்தைப் பாத்தியா? வாசல் தாண்டறதுக்குள்ள நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கும். "பொண்ணோட பெரிய அத்தை டை அடிக்கறா, அறுபத்தொண்ணாம்." சாயங்காலம் ரிசப்ஷன்ல அத்தனை பேரும் என் தலையைத்தான் பாப்பாங்க. பாக்கட்டும். பாக்கறதுக்குத்தானே அடிக்கறது.

அறுபத்தொண்ணுன்னு ரொம்பச் சத்தமாச் சொல்லிட்டேனா? ஆவணியைச் சொல்லியிருக்க வேண்டாம். அது தேவையில்லாதது. சரி, போச்சு.

அகிலாகிட்ட நீ எதுவும் சொல்லிடாதே. அவளுக்கு நான் முட்டுக் கொடுத்துப் பேசினேன்னு நினைச்சுக்குவா, சந்தோஷப்படுவா. அப்பறம் கையைப் பிடிச்சுக்குவா. எனக்கு அதெல்லாம் ஆகாது. பாத்ரூமுக்குப் போக வேண்டாம்னு மட்டும் நானே சொல்லிக்கறேன்.

என்ன, பிரஷ்ஷைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டே? காதோரம் விட்டுப் போச்சு பாரு. பிடரியிலயும் பூசு. குனிஞ்சு கும்பிடறப்ப எல்லாருக்கும் அதுதான் முதல்ல தெரியும்.